மேற்கு எல்லை: கங்கை

அம்மாவின் சீதன உறுதியில் அந்தக் காணியின் நான்கு எல்லைகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன: வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிற்பாதை, தெற்கே பெரியம்மாவின் காணி, மேற்கே கங்கை. மூதூர்ப் பக்கத்தில் மகாவலி கங்கையை எவரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கங்கை என்றால் அது ஒன்றுதான். மத்திய மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீரைச் சேர்த்துக்கொண்டு, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில் கொட்டியாரக் குடாவில் அது கடலோடு கலக்கிறது. உறுதி எழுதிய நொத்தாரிசு, வாய்க்காலையும் வண்டிற்பாதையையும் எழுதிய அதே மையில் கங்கையையும் எழுதிவிட்டார். மூன்று எல்லைகள் எழுதிய இடத்திலேயே இருக்கின்றன. நான்காவது எங்கள் பக்கமாக நகர்ந்துகொண்டே வருகிறது.

பெரியமாமாவிடம் ஒரு நைலோன் கயிறு இருக்கிறது. ஒரு பாகத்துக்கு, அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு, ஒரு முடிச்சாகப் போட்டு, கிணற்றடி மருதமரத்திலிருந்து கங்கைக்கரை விளிம்பு வரைக்கும் அவர் ஆண்டுக்கொரு முறை, தைப்பொங்கல் கழிந்து வெள்ளம் வடிந்த பிறகு, அளந்து வந்திருக்கிறார். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது இருபத்திரண்டு முடிச்சுகள். 1990 இலும் 2006 இலும் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலங்களுக்கு அளவு இல்லை. கடைசியாக அளந்தபோது ஒன்பது முடிச்சுகள். கரையோரம் வரிசையாக நின்ற பதினொரு தென்னைகளில் ஏழு போய்விட்டன. காணியை அளந்து புதிய வரைபடம் எடுப்பதற்காக நான் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, ஆறு கொண்டுபோன நிலத்துக்கு எவரும் பொறுப்பில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாசலிலிருந்து இறங்கி வரும்போதுதான், ஆறு நிலத்தை எப்படிக் கொண்டுபோகிறது என்பதை முறையாகப் படித்து அறியவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து படித்தவற்றையும், கரையில் நின்று கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதற்பாடத்தைப் பெரியமாமா ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தார். "வெள்ளம் வரக்குள்ள கரை விழாது, மகள். வெள்ளம் வடியக்குள்ளதான் விழும்." 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளத்தில் கிடந்தபோது, எங்கள் காணியிலும் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. கரை அசையவில்லை. தண்ணீர் இறங்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், விளிம்பிலிருந்து இரண்டு பாகம் உள்ளே, கரைக்குச் சமாந்தரமாக நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காலையில் அதற்குள் விரல்தான் போனது. பின்னேரம் கையை மணிக்கட்டு வரைக்கும் விடக்கூடியதாக இருந்தது. குனிந்து கேட்டால், உள்ளே எங்கோ தண்ணீர் கசியும் மெல்லிய சத்தம் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அந்தத் துண்டு முழுவதும், அதன் மேல் நின்ற தென்னையோடு, ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியது. தென்னை கங்கைப் பக்கமாகச் சரியும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அது நின்ற வாக்கிலேயே இறங்கி, தலையை எங்கள் வீட்டுப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து நின்றது. இரண்டு நாள் அப்படி நின்ற பிறகுதான் அடிமண் கரைந்து, அது தண்ணீருக்குள் போனது.

அந்தச் சாய்வின் காரணம் பின்னர் விளங்கியது. எங்கள் கரையில் மேலே ஓர் ஆள் மார்பளவுக்குக் கறுத்த களிமண், அதற்குக் கீழே பழுப்பு மணல். வெள்ளம் நிற்கும் நாட்களில் இரண்டும் தண்ணீரைக் குடித்துப் பாரமாகின்றன. ஆனால் ஆற்றிலும் அதே உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதால் அந்தத் தண்ணீரே கரைக்கு முட்டுக்கொடுக்கிறது. ஆறு விரைவாக இறங்கும்போது முட்டு எடுபட்டுவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அதே வேகத்தில் வெளியேற முடியாமல் உள்ளிருந்து வெளியே நெம்புகிறது. மண்துணிக்கைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருந்த பிடியும் அந்த நீரழுத்தத்தால் தளர்ந்துபோகிறது. அப்போது கரை, அகப்பையால் அள்ளியது போன்ற ஒரு வளைந்த தளத்தில் வழுக்குகிறது. வளைந்த தளத்தில் வழுக்கும் துண்டு இறங்கும்போதே பின்பக்கமாகச் சுழலும். தென்னை வீட்டுப் பக்கம் சாய்ந்தது அதனால்தான். எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. கசிந்து வெளியேறும் தண்ணீர் அடிமணலைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்க் கரைக்குள் குடைவு விழுந்த இடங்களில், மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் களிமண் கட்டியாக உடைந்து முன்பக்கமாக விழுகிறது. எங்கள் காணியின் தென்மூலையில் போன தென்னைகள் அப்படிப் போனவை.

ஆனால் ஏன் எங்கள் கரை மட்டும்? எதிர்க்கரையில் ஆண்டுதோறும் வெண்மணல் வளர்ந்து, அதில் நாணல் முளைத்து, நாணல் பிடித்த மண்ணில் இப்போது சிறுபோகக் காலத்தில் வத்தகை போடுகிறார்கள். நாங்கள் கங்கையின் வளைவில், வெளிப்பக்கத்தில் இருக்கிறோம். வளைவில் திரும்பும் தண்ணீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது என்பது எவருக்கும் விளங்கும். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியை 1926 இல் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரையில் தேநீர்க் கோப்பையைக் கொண்டு விளக்கினார்.

பிளேன் ரீயைக் கரண்டியால் கலக்கிவிட்டு, அடியிலிருக்கும் தேயிலைத் தூளைப் பாருங்கள். சுழலும் பொருள் ஓரத்துக்குத்தான் போகவேண்டும். ஆனால் தூள் கோப்பையின் நடுவில் வந்து குவிகிறது. சுழற்சியால் தேநீர் ஓரத்தில் சற்று உயர்ந்தும் நடுவில் சற்றுத் தாழ்ந்தும் நிற்கிறது. அந்த உயர வேறுபாடு தண்ணீரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளுகிறது. மேற்பரப்பில் வேகமாகச் சுழலும் தேநீர் அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ளும். கோப்பையின் அடியோடு உரசி வேகம் குறைந்த தேநீரால் தாங்க முடியாது. அது உள்நோக்கி ஓடுகிறது, தூளையும் இழுத்துக்கொண்டு. கங்கையின் வளைவில் நடப்பதும் இதுதான். மேல்தண்ணீர் எங்கள் கரையில் வந்து மோதிக் கீழே இறங்குகிறது. கீழ்த்தண்ணீர் அடிமணலை வாரிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு ஏறுகிறது. கயிறு முறுக்கியதுபோல் சுழன்றுகொண்டே தண்ணீர் முன்னேறுகிறது. அதனால் எங்கள் கரையோரம் ஆழம் கூடி, செங்குத்தாகி, அடி அரிந்துபோகிறது; எதிரே மேடு வளர்கிறது.

இந்த இடத்தில் ஊரிலுள்ள ஒரு பழைய மனக்கசப்பைப் பற்றி எழுதவேண்டும். எங்கள் பக்கத்தவர்களில் பலர், எங்கள் மண்ணைத்தான் எதிர்க்கரைக்காரர் பயிரிடுகிறார்கள் என்று நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். 1945 இல் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள விக்ஸ்பேர்க் நகரின் நீரியல் ஆய்வுக்கூடத்தில், மணல் தொட்டிகளில் சிறு ஆறுகளை ஓடவிட்டுச் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. வெளிக்கரையில் அரிந்த மணலின் பெரும்பகுதி நேரெதிர்க் கரைக்குக் கடப்பதில்லை. அது நீரோட்டத்தோடு கீழே போய், அடுத்த வளைவில், தான் புறப்பட்ட அதே பக்கத்துக் கரையில் படிகிறது. ஆற்றின் வளைவுகள் மாறிமாறி வருவதால், இங்கே வெளிக்கரையாக இருக்கும் பக்கம் அடுத்த வளைவில் உட்கரையாகிறது. ஆகவே எங்கள் தென்னைகள் நின்ற மண்ணில் பெரும்பங்கு, ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், கீழே, மூதூர்ப் பக்கத்திலேயே மேடாகியிருக்கவேண்டும். எதிர்க்கரையில் வத்தகை விளையும் மணல், அந்தக் கரையின் மேல்வளைவில் எவரோ இழந்தது. இதைப் பெரியமாமாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அவங்களுக்கும் மேல ஒரு கயிறு இருக்கும்" என்றார்.

ஆறு எதைச் சுமக்கிறது, எதை விடுகிறது என்பதற்குத் துணிக்கையின் பருமன்தான் பெரும்பாலும் விடை. இதை நான் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் பார்த்தேன். மாரி வெள்ளம் செந்நிறமாக ஓடிய ஒரு நாளில் கரையோரம் மொண்ட தண்ணீரை, ஒரு சாண் அளவுக்கு நிரப்பி, குலுக்கிவிட்டு மேசையில் வைத்தேன். மணல் அரை நிமிடத்துக்குள் அடியில் படிந்து, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. அதன் மேல் மாவு போன்ற வண்டல் படிய அரைமணி நேரத்துக்கு மேலானது. பிறகு தண்ணீர் அப்படியே மண்ணிறத்தில் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள்தான் மேலே ஒரு விரலளவுக்குத் தெளிவு வந்தது. ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1851 இல் எழுதிய விதி இதைக் கணக்காகச் சொல்கிறது: நுண்துணிக்கை தண்ணீரில் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஒத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் நூறு மடங்கு மெதுவாக விழும். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குள்ள மணல்மணி ஒரு மீற்றர் ஆழத்தை இரண்டு நிமிடத்தில் கடக்கும். ஆயிரத்தில் ஒரு பங்குள்ள களித்துணிக்கைக்கு அதே ஆழத்துக்குப் பத்து நாட்களுக்கு மேல் வேண்டும். அதுவும் அசையாத தண்ணீரில். ஆறு ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை.

தூக்குவது வேறு கதை. மிகச் சிறியதைத் தூக்குவது எளிது என்றுதான் நாம் நினைப்போம். சுவீடன் நாட்டு அறிஞர் பிலிப் யுல்ஸ்ட்ரோம் 1935 இல் வரைந்த வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. அடியில் கிடக்கும் துணிக்கைகளில் எளிதில் கிளம்புவது நடுத்தர மணல்தான். விநாடிக்கு 20 சென்ரிமீற்றர் அளவு வேகமே அதற்குப் போதும். கூழாங்கல் பாரத்தால் அசைய மறுக்கிறது. களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், இறுகிய களியைப் பெயர்க்கக் கூழாங்கல்லைப் பெயர்க்கும் அளவு வேகம் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒருமுறை பெயர்ந்தால், எவ்வளவு மெதுவான தண்ணீரிலும் அது மிதந்து போகும். எங்கள் கரை ஏன் மேலே களி நிற்க, கீழே மணல் குடைந்து விழுகிறது என்பதற்கு இந்த வரைபடத்திலேயே பதில் இருக்கிறது.

வேகம் சற்றுக் கூடினால் சுமை பலமடங்கு கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை அறுபத்துநான்கு மடங்காகும் என்று 19 ஆம் நூற்றாண்டிலேயே கணித்துவிட்டார்கள். ஆண்டு முழுவதும் மெல்ல ஓடும் ஆறு, மாரியில் வரும் சில நாள் வெள்ளத்தில் தன் வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடிப்பது இதனால்தான். கச்சான் காற்றுக் காலத்தில் கங்கையைப் பார்த்துவிட்டு, இது என்ன செய்யப்போகிறது என்று கேட்பவர்கள் அதை மார்கழியில் வந்து பார்க்கவேண்டும்.

அந்தப் போத்தலுக்குத் திரும்புகிறேன். தெளியாமல் நின்ற தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த களி, தயிர் திரிவதுபோல் சிறுசிறு பொட்டாகத் திரண்டது. அன்று மாலைக்குள் படிந்துவிட்டது. களித்துணிக்கைகள் எதிர்மின்னேற்றம் உடையவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்பு அந்தத் தள்ளலைத் தணிப்பதால் அவை ஒட்டிப் பருத்து விழுகின்றன. எங்கள் அம்மம்மா குடத்தின் உட்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்ததும் இதே திரட்டல் வேலையால்தான். அங்கே உப்புக்குப் பதிலாகக் கொட்டையின் சாறு. கங்கை கடலைத் தொடும் இடத்தில் இயற்கை இதைப் பெரிய அளவில் செய்கிறது. மலைநாட்டிலிருந்து விழாமல் வந்த களி, கொட்டியாரக் குடாவின் உவர்நீரைத் தொட்டவுடன் திரண்டு படிகிறது. முகத்துவாரத்துச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நண்டு பிடிப்பவர்களும், அதில் வேரூன்றிய கண்டற்காடும் இந்தத் திரட்டலின் மீதுதான் நிற்கிறார்கள்.

இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது? மகாவலி என்ற பெயரே சிங்களத்தில் பெருமணல் என்று பொருள்படும். மலைநாட்டின் பாறைகள் மிகப் பழையவை. அவை மழையில் உக்கி மண்ணாகி, மண் சரிவில் இறங்கி ஆற்றைச் சேர்வது கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் வேலை. அது இயற்கையாக எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதை 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, மேல் மகாவலிப் பகுதி ஆற்றுமணலைக் கொண்டே அளந்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பிலுள்ள குவாட்ஸ் என்னும் படிகக்கல் மணிகளுக்குள் பெரிலியம் 10 என்னும் அணுவைச் சிறிது சிறிதாக உண்டாக்குகின்றன. மண் மெதுவாக அரிந்தால் மணி நெடுங்காலம் மேற்பரப்பில் கிடந்து நிறையச் சேர்க்கும். விரைவாக அரிந்தால் குறையச் சேர்க்கும். அந்தக் கணக்கின்படி, காடு மூடிய மலைநாட்டில் ஒரு சதுர கிலோமீற்றரிலிருந்து ஆண்டுக்கு 13 முதல் 30 தொன் வரைதான் போகவேண்டும். பாறை ஆயிரம் ஆண்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவு தேய்வதற்குச் சமம். இன்று ஆறுகள் சுமப்பது அதைப்போல் 10 முதல் 100 மடங்கு.

இந்த மடங்குகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. காப்பிக்காகவும், 1867 இல் லூல்கந்துராத் தோட்டத்தில் தொடங்கியதன் பின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. அந்த இடங்களில் பயிர் நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் மக்கள். தேயிலை நெருங்கி வளர்ந்து நிலத்தை மூடினால் மண்ணை நன்றாகவே பிடிக்கும். செடிகள் செத்து இடைவெளி விழுந்த பழைய தேயிலையும், செங்குத்துச் சரிவில் மழைக்கு முன் கொத்தப்படும் மரக்கறித் தோட்டங்களும், புகையிலையும்தான் மண்ணை விடுகின்றன. தோட்டத்து மக்களுக்கு அந்த மண்ணில் ஒரு பேர்ச் கூடச் சொந்தமாக இல்லாதிருந்த காலத்தில், அவர்கள் காலடி மண் 300 கிலோமீற்றர் பயணம் செய்து எங்கள் காணியின் எதிரே மேடாகிக்கொண்டிருந்தது என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அப்படியானால், மேலே இவ்வளவு அரியும்போது கீழே மணல் பெருகவேண்டும், கரைகள் வளரவேண்டும். வளரவில்லை. இடையில் அணைகள் நிற்கின்றன. 1976 இல் பொல்கொல்ல, 1985 இல் கொத்மலையும் 122 மீற்றர் உயரமான விக்டோரியாவும், 1986 இல் ரந்தெனிகல, 1990 இல் ரந்தம்பே, அம்பன் கங்கையில் 2018 இல் மொரகஹகந்த. நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் ஆறு நின்றுபோகிறது. நிற்கும் தண்ணீர் மணலை அரை நிமிடத்தில் விடும் என்பதை அந்தப் போத்தலில் பார்த்தோம். மணலும் பரலும் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டில் படிகின்றன. நுண்ணிய களியில் ஒரு பகுதி மட்டும் அணையைக் கடக்கிறது. அணைகளால் விளைந்த நெல்லையும் மின்சாரத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மின்விளக்கிலும் அந்த ஆறுதான் எரிகிறது. ஆனால் அணைக்குக் கீழே வரும் தண்ணீருக்குச் சுமக்கும் வலு இருக்கிறது, சுமை இல்லை. அந்த வலு எங்காவது செலவாகவேண்டும். அது ஆற்றின் படுகையிலும் கரையிலும் செலவாகிறது. விட்ட சுமையை ஆறு வழியில் கிடைத்த நிலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எங்கள் மேற்கு எல்லையும் அந்த வழியில்தான் இருக்கிறது.

மன்னம்பிட்டிக்குக் கீழே கங்கை சமவெளியில் விரிந்து, வெள்ளக் காலத்தில் சோமாவதிப் பக்கத்து வில்லுகளை, அதாவது வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களை, நிரப்புகிறது. அந்த வில்லுகளில் வண்டலின் ஒரு பங்கு தங்குகிறது. பிறகு ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து தெற்கே வெருகலில் கடலைச் சேர்கிறது. மீதி எங்களிடம் வருகிறது.

வருவதிலும் மணலை நாங்கள் விட்டுவைப்பதில்லை. போர் முடிந்த பிறகு கிழக்கில் எத்தனையோ ஆயிரம் வீடுகள் எழுந்தன. பாலங்களும் வீதிகளும் வந்தன. கிண்ணியாவில் கடலைக் கடக்கப் பாதை என்னும் மிதவைப் படகுக்குக் காத்துநின்ற காலம் 2009 இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. அந்தப் பாலத்தை முதல்முறை நடந்து கடந்தபோது அம்மா அழுததை நான் மறக்கவில்லை. கட்டடம் என்றால் மணல், மணல் என்றால் கங்கை. பாலைவன மணல் காற்றில் உருண்டு வழுவழுப்பாகிவிடும். ஆற்றுமணல் முனை மழுங்காமல் இருப்பதால் சீமெந்தோடு நன்றாகப் பிடிக்கும். நாங்கள் திருகோணமலையில் வீடு கட்டியபோதும் பத்துக் கியூப் கங்கை மணல்தான் வாங்கினோம்.

அனுமதிப்பத்திரத்தோடு அளவாக எடுக்கும் கைவள்ளக்காரர்களை நான் பழித்துப் பேசமாட்டேன். அவர்கள் தலையிலும் தோளிலும் அந்த ஈரமணலின் பாரத்தைப் பார்த்திருக்கிறேன். இரவில் இயந்திரம் வைத்துப் படுகையில் தோண்டும் குழிகளே என் கவலை. ஆற்றின் அடியில் தோண்டிய குழி தோண்டிய இடத்தில் நிற்பதில்லை. குழியின் மேல்விளிம்பில் தண்ணீர் செங்குத்தாக இறங்குவதால் வேகம் கூடி, அந்த விளிம்பு அரிந்து, குழி நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகர்கிறது. மேலிருந்து வரும் மணல் குழியில் விழுந்து நின்றுவிடுவதால், கீழேயுள்ள படுகையும் பட்டினி கிடந்து தாழ்கிறது. ஒரு குழி இரண்டு திசையிலும் ஆற்றைத் தாழ்த்துகிறது. படுகை தாழ்ந்தால் கரையின் உயரம் கூடும். உயரம் கூடிய கரை, வெள்ளம் வடியும்போது இன்னும் எளிதில் வழுக்கும்.

கடலுக்கு அருகில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. உவர்நீர் நன்னீரைவிடப் பாரமானது. அது ஆப்பு இறக்குவதுபோல் ஆற்றின் அடியோடு ஊர்ந்து உள்ளே வருகிறது. படுகை தாழத்தாழ, வறண்ட மாதங்களில் அந்த ஆப்பு இன்னும் மேலே ஏறும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஆவணி மாதத்தில் ஒரு கரிப்பு தட்டத் தொடங்கி ஆறேழு ஆண்டுகளாகின்றன. அம்மா அதில் தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

கங்கை மணல் இவ்வளவையும் தாண்டிக் கடலை அடைந்தால் அங்கே என்ன நடக்கிறது என்பதை, எங்கள் மாவட்டத்தின் வடக்கு முனையில் புல்மோட்டைக் கடற்கரை காட்டுகிறது. அங்கே மணல் கறுப்பு. மலைப்பாறைகள் உக்கி ஆறுகள் வழியே கடலுக்கு வந்தவற்றில் வெண்மையான குவாட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு பாரம். கறுப்பான இல்மனைற்றுக் கனிமம் நாலரை மடங்குக்கு மேல். ஏறிவரும் அலை இரண்டையும் கொண்டுவருகிறது; திரும்பும் அலைக்குப் பாரமானதை இழுக்க வலு இல்லை. சுளகில் அரிசி கொழிக்கும் பெண்ணின் கைபோல, கடல் லேசானதைத் தள்ளிப் பாரமானதை வைத்துக்கொள்கிறது. எங்கள் மூதூர்க் கடற்கரையிலும் வாடைக்காற்று ஓய்ந்த காலையில் வெண்மணல்மேல் கறுப்புக் கோடுகள் கிடக்கும். அதில் ஒரு பிடி அள்ளிக் காந்தத்தைக் காட்டினால் சில மணிகள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். இடையிடையே மாதுளை முத்துப்போல் சிவந்த மணிகள், கார்னெற்று, கிடைக்கும். மலைநாட்டுப் பாறையை உடைத்துப் பார்க்காமலேயே அதன் உள்ளிருப்பதைக் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கொட்டியாரக் குடாவில் மட்டும் மணல் நெடுங்காலம் தங்க முடியாது. பெரிய ஆறுகளின் முகத்துவாரத்தில் வண்டல் சேர்ந்து, விசிறிபோல் கடலுக்குள் நிலம் நீளவேண்டும். கங்கைக்கு அந்த அளவுக்கு நிலம் நீளவில்லை. குடாவுக்குள்ளேயே ஒரு பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கடலடியில் செங்குத்தாக இறங்கும் அந்தப் பள்ளம், வெளியே போகப்போக 3,000 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போகிறது. திருகோணமலைத் துறைமுகத்தை உலகம் விரும்பியதற்கும், கரைக்கு இவ்வளவு அருகில் திமிங்கிலங்கள் வருவதற்கும் இங்குள்ள ஆழம்தான் காரணம். முகத்துவாரத்தில் குவியும் வண்டல் பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் சரிகிறது. சரியும்போது தண்ணீரோடு கலந்து, சுற்றியுள்ள கடல்நீரைவிடப் பாரமான கலங்கல் ஓட்டமாகி, மலைச்சரிவில் வெள்ளம் இறங்குவதுபோல் கடலடியில் இறங்குகிறது. அப்படிப்பட்ட ஓட்டங்களின் வலுவை 1929 இல் இன்றைய கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே கடலில் நேர்ந்த ஒரு நிலநடுக்கத்துக்குப் பின் உலகம் கண்டது. கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆழம் கூடும் ஒழுங்கில் அறுந்துபோயின.

பள்ளத்தின் கீழ்முனையில் சமமான கடற்தரை விரிகிறது. அந்தத் தரை எங்கள் மண்ணால் ஆனதில்லை. இமயமலையிலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து வங்காள விரிகுடாவில் கொட்டிய வண்டல், கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் நீளமான விசிறியாகப் பரந்து, இலங்கையின் கிழக்கே கடந்து தெற்கே போகிறது. உலகிலேயே மிகப் பெரிய வண்டல் விசிறி அது. எங்கள் கங்கை பள்ளத்தின் வழியாகக் கொண்டுபோவது, அந்தக் கங்கையின் மண்மேல்தான் போய் விழுகிறது.

கடந்த தைமாதம் நான் ஊருக்குப் போனபோது பெரியமாமாவுக்கு முழங்கால் நோவு. மருதமரத்தடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் கொண்டுபோனேன். எட்டாவது முடிச்சைத் தாண்டியபின் புல்லில் ஒரு வெடிப்பு, தலைமயிர் அகலத்தில், கரைக்குச் சமாந்தரமாக, எட்டாவது தென்னைக்கு உட்பக்கமாக ஓடியிருந்தது. நான் குந்தியிருந்து அதில் காதை வைத்தேன்.

"கேட்குதா, மகள்?" என்று மாமா கேட்டார்.